பின்பக்கம் திறந்த தோடு

காமாட்சியம்மன் துணை

செட்டியார் தெரு, கொழும்பு
18-1-1934

தங்கை சுப்புத்தாய்க்கு அண்ணன் சீனிச்சாமி எழுதுவது. நான் சுகம். நீயும் மாப்பிள்ளை அம்மாவாசியும் சுகமென்று உன் கடுதாசியில் கண்டு சந்தோஷம். தை பிறந்தும் கம்பத்தில் பனி விடவில்லை என்று எழுதியிருந்தாய். இங்கே எப்போதும் போல வேர்வைதான்.

மாப்பிள்ளை கேட்டிருந்த ஜோடிச் சிவப்புக்கல் கிடைத்துவிட்டது. காமயகவுண்டன்பட்டி கருத்தம்மாள் மகள் கல்யாணத் தோட்டுக்கு என்று எழுதியிருந்தபடியால், கைக்கு வந்ததை எடுத்து அனுப்ப மனம் வரவில்லை. சம்சுதீன் முதலாளியின் கடைக்கு வந்த பர்மாச் சரக்கில் ஒரு பகல் முழுதும் உட்கார்ந்து நானே பொறுக்கினேன். ஒன்று ஒரு காரட்டு அறுபது சதம், மற்றது ஒரு காரட்டு நாற்பத்தைந்து சதம். நிறை கொஞ்சம் முன்னே பின்னே. காதில் ஏறினால் தெரியாது. சிவப்பு ஒரே சிவப்பு. லென்ஸில் திருப்பித் திருப்பிப் பார்த்தேன், சுத்தம். இருபத்தாறு வருஷமாய்க் கல் பார்க்கிறவன் சொல்கிறேன், மாணிக்கம் கிடைத்துவிடும், அதற்குக் கூடப்பிறந்தது கிடைப்பதுதான் கஷ்டம்.

இன்ஷூர் பார்சலில் வருகிறது. மாப்பிள்ளையே பிரிக்கட்டும்.

வைகாசியில் ஊருக்கு வரப் பார்க்கிறேன் என்று போன வருஷம் போலவே இந்த வருஷமும் எழுதுகிறேன், சிரிக்காதே.

அண்ணன் சீனிச்சாமி


சுருளி வேலப்பர் துணை

கம்பம்
5-3-1934

அண்ணனுக்குத் தங்கச்சி சுப்புத்தாய் எழுதிக்கிட்டது. இங்கன எல்லாரும் நல்லாயிருக்கோம். உங்க உடம்பைப் பத்தி எப்பவும் "சுகம்"னு ஒத்தை வார்த்தையிலே முடிச்சிர்றீங்க. ரெண்டு வரி கூட எழுதினா தபால்காரன் வேண்டாம்னா சொல்வான்?

கல்யாணம் மாசி பதினாலிலே நடந்திருச்சு. பொண்ணு ராஜாத்தியைச் சின்னமனூர்லே கட்டிக்கொடுத்திருக்காக. கல்லு வந்த அன்னைக்கு எங்க வீட்டுக்காரவுக பொட்டலத்தைப் பிரிச்சதும், முதல் வேலையா ரெண்டையும் இளக்கின அரக்கிலே அமுக்கி அச்சு எடுத்துக்கிட்டாக. அந்த அளவுக்குத்தான் தங்கத்திலே கூடு கட்டணுமாம். பெறகு எட்டு நாள் வேற வேலை தொடல. கல்லுக்குக் கீழே தகடு வச்சு அடைக்கிறதுதானே வழக்கம்? அவுக மாட்டேன்னுட்டாக. "இப்பேர்ப்பட்ட கல்லுக்கு முதுகிலே தகடு எதுக்கு? வெளிச்சம் பின்னாடி நொழஞ்சு முன்னாடி வரட்டும்"னு பின்பக்கத்தைத் தெறந்தே விட்டுட்டாக. கல்லைப் புடிக்க நாலு நகம், சுத்தி அரும்பு வேலை, அவ்வளவுதான்.

மணவறையிலே பொண்ணு தலையைத் திருப்பினப்ப அவ கழுத்திலே செவப்பா ஒரு பொட்டு வெளிச்சம் விழுந்துச்சு. கருத்தம்மா அக்கா அதைப் பாத்துட்டு என் கையைப் புடிச்சுக்கிட்டா. புருஷன் போனபெறகு ஒத்தையா நின்னு அவ செஞ்ச கல்யாணம்.

ஒண்ணு கேக்கணும். கவர் மேலே விலாசம் எழுதினது யாரு? உள்ளே உங்க எழுத்தும் கொய்யாக்காய் தண்டி இருக்கு.

சுப்புத்தாய்


கொழும்பு
29-3-1934

தங்கைக்கு. நான் சுகம். இந்த முறை இரண்டு வரி கூடவே எழுதுகிறேன்: கால் வலி இல்லை, சாப்பாடு செல்கிறது.

தோடு அமைந்த விதம் கேட்டு மனசு குளிர்ந்தது. பின்பக்கம் திறந்து பதிக்கக் கையும் வேண்டும், தைரியமும் வேண்டும். மாப்பிள்ளையிடம் நான் சொன்னதாகச் சொல்.

எழுத்து பெரிசாயிருப்பது புது நிப்பினால். விலாசம் எழுதினவர் ஹனீபா, உத்தமபாளையத்துக்காரர், கடையில் என் பக்கத்து ஸ்டூலில் உட்காருகிறவர். நீ எழுதும்போது மையைக் கொஞ்சம் அடர்த்தியாகத் தொட்டு எழுது. இங்கே விளக்கு மங்கல்.

சீனிச்சாமி


கம்பம்
24-4-1934

அண்ணனுக்கு. எல்லாரும் சுகம். வெயில் தாங்கல, ஆத்திலே தண்ணி கொலுசு நனையிற அளவுக்குத்தான் ஓடுது.

சும்மா தெரிஞ்சுக்கத்தான் கேக்குறேன். சீமையிலே உலையிலே வச்சு உருக்கிச் செவப்புக்கல் செய்றாகளாமே. பாத்தா நிஜக்கல்லு மாதிரியே இருக்குமாம். அதைக் கண்டுபுடிக்க என்ன வழி? என்னை மாதிரி ஒரு பொம்பளைக்கும் வெளங்குற மாதிரி எழுதுங்க. மை அடர்த்தியாத்தான் தொட்டிருக்கேன்.

சுப்புத்தாய்


கொழும்பு
12-5-1934

தங்கைக்கு. நான் சுகம். உன் கேள்வியைப் படித்துச் சிரித்தேன். கல்லைப் பற்றிக் கேட்க இத்தனை வருஷம் ஆயிற்றா உனக்கு?

சீமைக்கல் கண்ணாடி அல்ல. முதலில் அதைப் புரிந்துகொள். மாணிக்கம் எதனால் ஆனதோ அதே பொருள்தான் அதுவும். பொடியைச் சுடரின் வழியாகக் கொஞ்சம் கொஞ்சமாய் விழவிட்டு, உருக உருகக் குச்சியின் நுனியில் வளர்க்கிறார்கள். பூமிக்கு எத்தனையோ யுகம் பிடித்த வேலையை உலை ஒரு பொழுதில் முடிக்கிறது. ஆகையால் தராசு உனக்குப் பிரயோஜனப்படாது. மாணிக்கம் காற்றில் நாலு பங்கு நிறை என்றால் தண்ணீருக்குள் மூன்று பங்கு நிற்கும். சீமைக்கல்லும் அப்படியே நிற்கும். கண்ணாடித் துண்டு மட்டும் அதில் மாட்டிக்கொள்ளும்.

கண்தான் சொல்ல வேண்டும். வெள்ளைக் கிண்ணத்தில் தெளிந்த தண்ணீர் விட்டுக் கல்லை அதில் போடு. பகல் வெளிச்சத்தில் லென்ஸ் வைத்துப் பார். மண்ணில் விளைந்த கல்லுக்குள் கோடு இருந்தால் அது நேர்கோடு. ஒரு கோடு இன்னொன்றை மூலையில் முட்டும். சிலதில் பட்டு இழை போல ஊசி ஊசியாய் ஓடும். சீமைக்கல்லில் கோடு வளைந்திருக்கும், கிராமபோன் தட்டில் இருக்கிறதே, அது போல. கூடவே சோடாவில் எழும்பும் குமிழி மாதிரி உருண்டைப் புள்ளிகள் இருக்கும். குறையே இல்லாத கல்லைக் கண்டால்தான் நான் பயப்படுவேன். பூமி அவ்வளவு சுத்தமாக வேலை செய்யாது.

எதற்குக் கேட்கிறாய்? யாருக்காவது சந்தேகமென்றால் கல்லை என்னிடம் அனுப்பச் சொல்.

மாப்பிள்ளையைக் கேட்டதாகச் சொல். உன் கடுதாசியில் அவரைப் பற்றி ஒன்றும் காணோமே.

சீனிச்சாமி


கம்பம்
2-6-1934

அண்ணனுக்கு. இனி மறைக்கிறதுக்கு ஒண்ணுமில்ல.

சித்திரையிலே ராஜாத்தியோட மாமியாருக்கு இதே மாதிரி ஒரு தோடு தன் மகளுக்கும் செய்யணும்னு ஆசை. ஜோடிக்கல் தேடி, தோட்டையும் எடுத்துக்கிட்டு மதுரைக்குப் போயிருக்காக. அங்கன ஒரு கல்லுக்கடைக்காரர் பின்பக்கமா லென்ஸ் வச்சுப் பாத்துட்டு, "இது சீமைக்கல்லும்மா"ன்னு சொல்லிட்டாரு. இன்னொரு கடையிலும் அதையேதான் சொன்னாகளாம்.

மறுநாள் ராஜாத்தியோட மாமனார் சின்னச்சாமி ரெண்டு பேரைக் கூட்டிக்கிட்டுப் பட்டறைக்கே வந்துட்டாரு. "கொழும்புக் கல்லை நீ எடுத்துக்கிட்டுப் போலியை வச்சுட்டியா?"ன்னு தெருவே கேக்கச் சத்தம் போட்டாரு. அவுக, "வந்த கல்லைத்தான் வச்சேன்"னு ஒரே ஒரு வட்டம் சொன்னாக. வந்தவுக தோட்டை எங்க வாசப்படியிலேயே வச்சுட்டுப் போயிட்டாக. கருத்தம்மாவுக்கும் இதிலே பங்குண்டுன்னு சொல்லி ராஜாத்தியைத் தாய் வீட்டிலே கொண்டாந்து விட்டுட்டாக. கல்யாணமாகி ரெண்டு மாசம் முடியல.

அன்னையிலேருந்து பட்டறைக்கு ஆள் வரல. கொடுத்த பழைய நகையையும் திரும்பி வாங்கிட்டுப் போறாக.

அண்ணே, நீங்க என்ன கல்லு அனுப்பினீங்க? அதை மட்டும் எழுதுங்க.

சுப்புத்தாய்


கொழும்பு
28-7-1934

தங்கைக்கு. நான் சுகம். பதில் தாமதமானதற்குக் கடை வேலை காரணம்.

உன் கடுதாசி கண்டு வருத்தம். நான் அனுப்பினது நல்ல கல். என் கையால் பொறுக்கி எடுத்தது. அதற்கு மேல் இத்தனை தூரத்திலிருந்து நான் என்ன சொல்ல? பட்டறை என்றால் நாலு பேர் வந்து போகிற இடம். மாப்பிள்ளை வெளியே போன நேரத்தில் யார் வந்தார்கள், யார் கை பட்டது என்று அவர் யோசித்துப் பார்க்கட்டும். அவர் மேல் நான் குற்றம் சொல்வதாக நினைக்க வேண்டாம்.

உடம்பைப் பார்த்துக்கொள்.

சீனிச்சாமி


கம்பம்
9-8-1934

அண்ணனுக்கு. சுகம்னு எழுத வரல. உங்க கடுதாசியை அவுகளுக்கு வாசிச்சுக் காட்டாம அரிசிப் பானைக்குள்ளே போட்டு வச்சிருக்கேன்.

நீங்க சொல்லிக்கொடுத்தபடி நானே பாத்தேன். கல்லைக் கழட்டித் தாங்கன்னு அவுககிட்டயே கேட்டேன். ஏன்னு ஒரு வார்த்தை கேக்காம நகத்தை நிமித்தி, ரெண்டையும் என் உள்ளங்கையிலே வச்சாக. வெள்ளைக் கிண்ணத்திலே போட்டு மத்தியான வெளிச்சத்திலே பாத்தேன். வளைகோடு இருக்கு. குமிழியும் இருக்கு. சீமைக்கல்லுதான்.

பெறகு எடை போட்டேன். நீங்க முந்தி கொண்டாந்து கொடுத்த காரட்டுப் படிக்கல்லு வச்சு. ஒண்ணு ஒரு காரட்டு அறுபது சதம், இன்னொண்ணு ஒரு காரட்டு நாப்பத்தஞ்சு சதம். நீங்க தையிலே எழுதின அதே நிறை. சின்னக் கல்லோட ஓரத்திலே பொடிசா ஒரு சில்லு போயிருக்கு. அரக்கு அச்சை எடுத்துப் பாத்தேன். அதே எடத்திலே அதே சில்லு பதிஞ்சிருக்கு. அந்த அச்சு, கல்லு வந்த அன்னைக்கு என் கண் முன்னாலே எடுத்தது. வந்த கல்லுதான் கூட்டுலே இருக்கு.

இதையெல்லாம் பாக்குறதுக்கு முந்தி, மூணு நாள் நானும் அவுகளைச் சந்தேகப்பட்டேன். சோறு போடுற கையாலேயே சந்தேகப்பட்டேன். இருபத்திரண்டு வருஷம் கூட வாழ்ந்தவ. அதை அவுககிட்ட இன்னும் சொல்லல. கல்லை மாத்துறவன் பின்பக்கத்தைத் தெறந்து விடுவானா? தகடு வச்சு அடைச்சிருந்தா மதுரைக்காரருக்கு என்ன தெரியும்? இது கூட எனக்கு மூணு நாள் கழிச்சுத்தான் புத்தியிலே பட்டுச்சு.

நீங்களும் ஏமாத்துறவுக இல்ல. அப்பா செத்த வருஷத்திலேருந்து உங்களை எனக்குத் தெரியும். அதுக்கு முந்தி எனக்கு நெனவு தெரியாது. அப்ப மிச்சம் என்ன? உங்க கடைசிக் கடுதாசியிலே ஒரு வரி மேலேயே அடுத்த வரியை எழுதியிருக்கீங்க. ரெண்டையும் பிரிச்சு வாசிக்க எனக்கு அரை நாள் ஆச்சு.

உங்க கண்ணுக்கு என்ன அண்ணே?

சுப்புத்தாய்


கொழும்பு
30-8-1934

தங்கை சுப்புத்தாய்க்கு. இது ஹனீபாவின் கையெழுத்து. நான் சொல்லச் சொல்ல எழுதுகிறார். ஒரு சொல்லையும் மாற்றக்கூடாது என்று கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

இரண்டு வருஷமாக வலது கண்ணில் புகை. போன வருஷம் இடது கண்ணிலும் வந்துவிட்டது. லென்ஸ் வைத்தால் கல்லின் மேல் பால் ஊற்றினது போலத் தெரியும். யாரிடமும் சொல்லவில்லை; கடுதாசி வாசிக்கச் சொல்லும்போது ஹனீபாவிடமும் விளக்கு மங்கல் என்றுதான் சொல்வேன். கல் பார்க்கிறவனுக்குக் கண் போனால் அப்புறம் அவன் யார்? கையும் தராசும் பழக்கமும் வைத்து ஓட்டினேன். உன் ஜோடியை நிறுத்தேன், தண்ணீரில் நிறுத்தேன், சரியாக வந்தது. அது போதாது என்று உனக்கு எழுதினவனே நான்தான். கோடு பார்த்திருக்க வேண்டும். பார்க்க முடியவில்லை. பார்த்தேன், சுத்தம் என்று எழுதினேன்.

உன் ஜூன் மாதக் கடுதாசியை ஹனீபா வாசித்ததுமே எனக்குத் தெரிந்துவிட்டது. பதில் எழுத எட்டு வாரம் ஆயிற்று. எழுதினதும் பொய். அதை மட்டும் யார் கையையும் நாடாமல் நானே எழுதினேன். மாப்பிள்ளையின் பட்டறையைக் காட்டி எழுதினேனே, அது என் குற்றம்.

முந்தாநாள் முதலாளியிடம் சொல்லிவிட்டேன். இந்த வருஷம் நான் பொறுக்கிய பொட்டலங்களை எல்லாம் ஹனீபா மறுபடி பார்த்தார். இன்னும் ஏழு கல் தப்பு. முதலாளி சத்தம் போடவில்லை. "சொல்லியிருக்கலாமே, சீனிச்சாமி" என்றார். அவ்வளவுதான். ஸ்டூலை விட்டு எழுந்து வந்துவிட்டேன். தோட்டுக்கு வேறு ஜோடி தன் பொறுப்பில் அனுப்புவதாகச் சொல்லியிருக்கிறார்.

கூட இன்னொரு தாள் இருக்கிறது. நடந்ததை அதில் சொல்லி, கீழே என் கையெழுத்தும் முதலாளி கையெழுத்தும் போட்டிருக்கிறோம். சின்னமனூரில் எல்லார் முன்னாலும் வாசி. என் பெயரை மெதுவாகச் சொல்லாதே.

சீனிச்சாமி


கம்பம்
26-9-1934

அண்ணனுக்கு. ஹனீபா அண்ணன் வாசிச்சுக் காட்டுவாகன்னு நெனச்சு எழுதுறேன். அவுகளுக்கும் எங்க வணக்கம்.

போன திங்கக்கிழமை காலையிலே சின்னமனூர் போனோம். நான், அவுக, கருத்தம்மா அக்கா, ராஜாத்தி. சின்னச்சாமி வீட்டு முத்தத்திலே அவுக சொந்தக்காரர் பத்துப் பேர் இருந்தாக. நின்னுக்கிட்டே வாசிச்சேன். உங்க பேரைச் சத்தமாத்தான் சொன்னேன்.

சின்னச்சாமி, "மச்சானைக் காப்பாத்த மச்சான் எழுதின காயிதம்தானே இது?"ன்னாரு. நான் பதில் சொல்றதுக்குள்ளே கருத்தம்மா அக்கா எந்திரிச்சுட்டா. "அந்த ஆளு இதை எழுதி வேலையை விட்டுட்டு நிக்கிறாரு. தன் சோத்துலே தானே மண் அள்ளிப் போட்டுக்கிட்டு எவனாவது பொய் எழுதுவானாய்யா?"ன்னு கேட்டா. பெறகு நான் அரக்கு அச்சைக் காட்டினேன். பின்பக்கம் தெறந்திருக்கிறதைக் காட்டினேன். சின்னச்சாமியோட சொந்தக்காரர் ஒருத்தர் தோட்டை வாங்கி, கண்ணுக்கிட்ட வச்சுப் பாத்துட்டு, "திருடுறவன் ஜன்னலைத் தெறந்து வச்சுட்டுப் போகமாட்டான்பா"ன்னாரு. அதோட பேச்சு அடங்கிருச்சு.

மாப்பிள்ளைப் பையன் அதுவரைக்கும் தூணோட தூணா நின்னான். அப்பத்தான், "ராஜாத்தி இன்னைக்கே இருந்திருவாளா?"ன்னு மெல்லக் கேட்டான். அவ தலையை நிமித்திச் சொன்னா: "தோட்டைத் தூக்கிட்டு மதுரை வரைக்கும் போனவுக, என்னைக் கூப்பிடக் காமயகவுண்டன்பட்டி வரைக்கும் வரட்டும்." சொல்லிட்டு எங்களோடயே வண்டி ஏறிட்டா. நாலு நாள் கழிச்சு மாமியாரே வந்து கூட்டிட்டுப் போனாக.

நேத்து ரெண்டு பேர் பட்டறைக்கு வேலை கொண்டாந்தாக.

மூணு நாள் சந்தேகப்பட்டதை அவுககிட்ட சொல்லிட்டேன். "தெரியும்"னாக. உங்களைப் பத்தி ஒரு வார்த்தை பேசல. நானும் கேக்கல.

மதுரையிலே கண்ணுக்கு ஆபரேசன் செய்றாகளாம். சீக்கிரம் கெளம்பி வாங்க. நான் வந்து கூட இருக்கேன்.

சுப்புத்தாய்


மதுரை
12-11-1934

தங்கைக்கு. இது என் கையெழுத்து. கோணல் இருந்தால் பொறுத்துக்கொள்.

நேற்றுத்தான் கண்ணாடி கொடுத்தார்கள். சோடாப் புட்டியின் அடிப்பாகம் போல இருக்கிறது. தலைக்கு இரண்டு பக்கமும் மணல் மூட்டை வைத்து அசையாமல் படுக்கப்போட்டபோது, பத்து நாளும் எனக்குக் கஞ்சி ஊட்டிவிட்டுப் போனாயே, உன் முகத்தை அப்போது பார்க்கவில்லை. உனக்கும் நரைத்திருக்கும் அல்லவா?

ஒரு விஷயம் சொல்ல வேண்டும். கட்டு அவிழ்த்ததும் எதிரே நர்ஸம்மாள் நின்றாள். அவள் உடுப்பின் வெள்ளை எனக்கு நீலம் பாய்ந்த வெள்ளையாகத் தெரிந்தது. ஜன்னலில் ஒரு செம்பருத்தி. இத்தனை வருஷம் நான் சிவப்பு என்று பார்த்ததெல்லாம் மஞ்சள் பூசின சிவப்பு. கண்ணுக்குள் பழுத்துப்போன வில்லை வழியாகப் பார்த்திருக்கிறேன். கோடு தெரியாதது மட்டுமில்லை, நிறமே எனக்குத் தெரிந்திருக்கவில்லை. அப்படியிருந்தும் ஜோடி சேர்த்தேன்.

சனிக்கிழமை என்னை அனுப்பிவிடுவார்கள். கொழும்பில் இனி எனக்கு ஸ்டூல் இல்லை. இங்கே ஒரு சத்திரத்தில் தங்கி ஏதாவது பார்க்கலாம் என்று இருக்கிறேன். நீ கம்பத்துக்கு வா என்பாய். நீ சொல்லிப் பிரயோஜனமில்லை. மாப்பிள்ளையைக் கேட்டு, அவர் சொன்னதைச் சொன்னபடி எழுது.

சீனிச்சாமி


கம்பம்
15-11-1934

மச்சான் அவர்களுக்கு அம்மாவாசி.

எழுதிப் பழக்கமில்ல. சுப்புத்தாய் எழுதுறேன்னு வந்தா. நான் எழுதிக்கிறேன்னு சொல்லிட்டேன்.

பட்டறைக்கு வந்து போறவுகளைப் பத்தி நீங்க எழுதின கடுதாசி அரிசிப் பானையிலே இருந்துச்சு. வாசிச்சுட்டு இருந்த எடத்திலேயே வச்சுட்டேன். நான் வாசிச்சது அவளுக்குத் தெரியாது. கோவம் வந்துச்சு. இப்பவும் இருக்கு. இல்லேன்னு சொல்லி உங்களைக் கூப்பிட எனக்கு வராது. அது பாட்டுக்கு இருக்கட்டும், நாள்பட்டுக் கொறையும்.

கொழும்பிலேருந்து வேற ஜோடி வந்து பத்து நாள் ஆச்சு. ஹனீபா பாத்துட்டாராம், நல்ல கல்லுதான்னு சீட்டு எழுதி வச்சிருக்காரு. நான் இன்னும் பொட்டலத்தைப் பிரிக்கல. கருத்தம்மா ரெண்டு வட்டம் வந்து கேட்டுட்டுப் போயிட்டா. மச்சான் வரட்டும்னு சொல்லியிருக்கேன். நீங்க பாத்து, கோடு இன்னது, நிறம் இன்னதுன்னு வாயாலே சொல்லணும். சொன்னாத்தான் கூட்டுலே வைப்பேன். இந்தத் தடவையும் பின்பக்கம் தெறந்துதான் செய்யப்போறேன். அடைக்கிற மாதிரி இல்ல.

ஜன்னல் ஓரமா ஒரு பலகை போட்டிருக்கு. காலை வெயில் அங்கன நல்லா விழும்.

சத்திரமெல்லாம் வேண்டாம். சனிக்கிழமை ரயிலேறித் தேனியிலே எறங்குங்க. வெளியே எங்கேயும் போய்த் தேட வேண்டாம், பிளாட்பாரத்திலேயே நிக்கிறேன்.

அம்மாவாசி